பாவாயி வாசலின் சிவப்புப் பட்டை

போன மாதம், நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில் இப்போது இருக்கும் இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். புதிதாக ஒரு பிலிம் வந்திருக்கிறதாம். அதற்குச் சிவப்பும் தெரியுமாம். அதனால் இருட்டறையில் சிவப்பு விளக்குக்கூட ஆகாதாம். கும்மிருட்டில் கையால் தடவித்தான் கழுவ வேண்டுமாம். "நீங்க காலமெல்லாம் செவப்பு வெளக்குலதான வேலை செஞ்சீங்க, நம்ம சங்கத்து மலருக்கு அதைப் பத்தி ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்றார்கள்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. காலையில் குளித்து, விபூதி பூசி, அறப்பளீசுவரரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிவப்பு என்றதும் எனக்கு வேறு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. கொல்லிமலையில் ஒரு வீட்டு வாசல்தான் வந்தது. அதையே எழுதுகிறேன்.

தொழில் பழகியதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாமக்கல் ஸ்டூடியோவில் மூன்று வருஷம் தண்ணீர் சுமந்தேன். அப்புறம் மூன்று வருஷம் படம் விழுகிற கண்ணாடி பிளேட் கழுவினேன். ஏழாவது வருஷம்தான் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட அனுமதி கிடைத்தது.

எங்கள் முதலாளி யாரையும் நம்பாதவர். கெட்ட மனுஷர் என்று சொல்லமாட்டேன், ஆனால் நம்பமாட்டார். பிரிண்டை ஹைப்போ மருந்துத் தொட்டியிலிருந்து எடுத்து நாலு தண்ணீரில் அலசிவிட்டேன் என்று சொன்னால், அதன் முனையை நாக்கில் வைத்துப் பார்ப்பார். இனித்துக் கசந்தால் மறுபடியும் தொட்டிக்கே அனுப்புவார். படம் எடுக்க வருகிறவர்களையும் வாசலிலேயே நிறுத்தி முகத்தை உற்றுப் பார்ப்பார். வெற்றிலை போட்டிருந்தால் வாயைக் கழுவிவிட்டு வரச்சொல்வார். ஏனென்றால் அந்தக் காலத்துக் கண்ணாடி பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது. சிவந்த வாய் படத்தில் கறுத்த வாயாக விழும். அரக்குச் சேலை கறுப்புச் சேலையாகும். நீலம் வெளுத்து வெள்ளையாகிவிடும். சிவப்பு தெரியாததால்தான் நாங்கள் சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு அதைக் கழுவ முடிந்தது.

அவருக்கு இன்னும் இரண்டு வழக்கம் உண்டு. மற்ற ஸ்டூடியோக்காரர்கள் பழைய பிளேட்டைச் சுரண்டிக் கண்ணாடியை வேறு காரியத்துக்கு வைத்துக்கொள்வார்கள். இவர் ஒன்றைக்கூடச் சுரண்ட விடமாட்டார். மரப்பெட்டியில் அடுக்கி வைத்து, "என்னைக்காவது எவனாவது வந்து இது நானில்லைம்பான். அன்னைக்கு வேணும்" என்பார். மற்றது, ஓரம். படத்தின் ஓரத்தில் ஏதாவது அசைந்து கலங்கியிருந்தால், கறுப்புக் காகிதத்தைக் கத்தரித்து பிளேட்டின்மேல் ஒட்டி அந்த இடத்தை மறைத்த பிறகுதான் பிரிண்ட் போட விடுவார். "கலங்கின படத்தைப் பாத்தா நம்ம கை நடுங்குதுன்னு நெனப்பான்" என்பது அவர் கணக்கு.

ஒரு தை மாதம் சென்னையில் சித்திரம் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். கொல்லிமலைத் தெருக்களில் பெண்கள் சுவரில் வரையும் சித்திரங்கள் படமாக வேண்டும், அந்தத் தெருவில் ஜனங்கள் நடமாடுகிற விதமும் அதில் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

முதலாளி கடிதத்தை விளக்கில் காட்டிப் பார்த்தார். "சுவத்தைப் படம் புடிக்க ஒருத்தன் ஆள் அனுப்புவானா? இது சர்வேக்காரன் வேலையா இருக்கும். போ, ஆனா பாத்து நடந்துக்க" என்றார்.

மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். கேமராவையும் முக்காலியையும் சுமந்து வந்தவன் சடையன், மலைக்காரன். வாழவந்தி நாடு என்கிற பகுதியில் அவன் அக்காள் பாவாயி இருந்த ஊருக்குத்தான் என்னைக் கூட்டிப்போனான். ஒரே தெரு, இருபது வீடுகூட இராது. தைப்பொங்கல் நோம்பிக்காகச் சுவரெல்லாம் புதிதாக மெழுகி, காவிக்கல் குழம்பிலும் சுண்ணாம்பிலும் மஞ்சள் மண்ணிலும் அவரையிலைச் சாற்றிலும் வரைந்திருந்தார்கள். யானை, பலாமரம், கை கோத்து ஆடுகிற பெண்கள். பாவாயி சந்தையிலிருந்து துணி வெளுக்கப் போடும் நீலம் வாங்கிவந்து ஒரு மயில் வரைந்திருந்தாள். மயிலுக்குப் பக்கத்தில் ஒரு கப்பல். அவளுடைய மூத்த மகன் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் நாலு வருஷம். பாவாயி கப்பலைப் பார்த்ததில்லை. அதனால் அதற்கு நாலு சக்கரம் வைத்திருந்தாள்.

நான் முக்காலியை நட்டதுமே தெருவில் பேச்சு நின்றுபோனது.

"ஏனுங்க, இது காட்டை அளக்கற பெட்டிங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"இல்லீங்க. படம் புடிக்கற பெட்டி."

"அளக்கறவனும் மொதல்ல அப்படித்தானுங்க சொன்னான்."

சடையன் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு கறுப்புத் துணிக்குள் பார்க்க விட்டான். கேமராக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அவள் வெளியே வந்து, "எல்லாத்தையும் கால்மேல தல கீழ தொங்க உட்டிருக்காரு. சாதுவாட்டம் நிக்கறாரு பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அரைவாசி வீடுகளில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

பாவாயி மட்டும் நின்றாள். "எங்கூட்டுச் சுவத்தைப் புடிங்க சாமி. கப்பல் நல்லா வரோணும்" என்றாள்.

சித்திரம் கூர்மையாக விழ வேண்டும் என்று லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கி, மூடியைத் திறந்து, மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணி மூடினேன். வாசலுக்கு இடப்பக்கம் இரண்டு பெண்கள் உரலில் சாமை இடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் நிறுத்துங்கள் என்று கேட்டேன். "நீங்க பாட்டுக்குப் புடிங்க, நாங்க பாட்டுக்கு இடிக்கறம். அரிசி ஆகோணுமில்ல" என்றாள் ஒருத்தி. ஓரம் கெட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நாமக்கல் வந்து கழுவிப் பார்த்தபோது சித்திரங்கள் நன்றாக விழுந்திருந்தன. உலக்கைகள் மட்டும் புகைபோல் கலங்கியிருந்தன. முதலாளி அந்த ஓரத்தைக் கறுப்புக் காகிதத்தால் மறைத்து, ஒரு பிரிண்டை சென்னைக்கு அனுப்பினார். இன்னொன்றை வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். படத்தைக் கொடுப்பதற்கு முன் படத்துக்கு உரியவர்களிடம் காட்ட வேண்டும் என்பது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். சுவர்தானே, சுவர் என்ன சொல்லப்போகிறது என்று நான் விட்டுவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது.

மூன்று வாரம் கழித்து, சந்தை நாளன்று மலைக்காரர் ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். ஐம்பது வயதிருக்கும். தோளில் மிளகு மூட்டை. உள்ளே வந்து, "சக்கரம் வெச்ச கப்பல் படம், அது எந்த மாசம் புடிச்சதுங்க?" என்று கேட்டார். தை என்றேன். மறுபடியும் போய்ப் படத்தைப் பார்த்தார். மூட்டையோடு தெருவில் இறங்கிப் போய்விட்டார். முதலாளி அவர் போன திக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னமோ இருக்குது" என்றார்.

இருந்தது. அடுத்த வாரம் சடையன் இறங்கி வந்தான். ஸ்டூடியோவுக்குள் வராமல் தெருவிலேயே நின்று பேசினான். "உங்க படம் எங்கக்கா ஊட்டைக் கவுத்துப்போட்டுதுங்க" என்றான்.

அவன் சொன்ன விஷயம் இது. அந்த ஊரில் நோம்பிக்கு ஒவ்வொரு வீட்டு வாசல் நிலைக்கு மேலும் சிவப்பாக ஒரு பட்டை தீட்டுவார்கள். வீட்டில் சாவு விழுந்தால் அந்தப் பட்டையின்மேல் கரியைப் பூசிவிடுவார்கள். கரிப் பட்டை இருக்கிற வருஷம் அந்த வீட்டில் கல்யாணம் கிடையாது, அந்த வீட்டு உரலைச் சாய்த்துப் போட்டுவிடுவார்கள், நிமிர்ந்து நிற்காது, கோயில் பொங்கலில் அவர்கள் பானை சேராது. பாவாயியின் இளைய மகனுக்கு எடப்புளி நாட்டில் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் பெரியண்ணன்தான் சந்தை நாளில் எங்கள் பெட்டிக்கு முன்னால் நின்றவர். கப்பலைப் பார்த்ததும் அவருக்கு வீடு தெரிந்துவிட்டது. அப்புறம் நிலைக்கு மேலே பார்த்திருக்கிறார். பட்டை கறுப்பு.

கண்டிக்குப் போனவனிடமிருந்து இரண்டு வருஷமாகக் கடிதம் இல்லை. அவன் செத்த சேதி தையிலேயே வந்துவிட்டது, பாவாயி கரி வைத்துவிட்டு அப்புறம் கல்யாணத்துக்காக அழித்துச் சிவப்பு பூசிவிட்டாள் என்று பெரியண்ணன் சொல்கிறார். சாவை மறைத்த வீடு என்று ஆகிவிட்டால் அந்தக் குடும்பத்தோடு யாரும் பெண் கொடுத்து வாங்கமாட்டார்கள்.

நான் ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்த படத்தைப் பார்த்தேன். கறுப்புத்தான். சிவப்பு கறுப்பாக விழும், அது எனக்குத் தெரியும். ஆனால் கறுப்பும் கறுப்பாகத்தானே விழும்? அன்றைக்கு அந்தப் பட்டை என்ன நிறம்? மயில் நீலம், ஞாபகம் இருந்தது. யானையின் காவி ஞாபகம் இருந்தது. நிலைக்கு மேலே நான் பார்க்கவே இல்லை. பாவாயி பொய் சொல்லக்கூடியவளா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அதை இங்கே எழுதவும் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. அந்த பிளேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். "இதைக் கீழ வெக்காத. யார்கிட்டயும் குடுக்காத. சத்தியம் பண்ணச் சொல்லுவாங்க. தெரியாததுக்குச் சத்தியம் பண்ணிடாத" என்றார்.

மறுபடியும் மலையேறினேன். சிறிய கேமரா, பிளேட்டுகள், சிவப்பு விளக்கு, மருந்துப் பொட்டலங்கள், வெயிலில் வைத்தால் தானாகவே படம் தெரியவரும் காகிதம் எல்லாம் எடுத்துப்போனேன். வழி நெடுக ஈசுவரன் பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன்.

ஊர்க்கவுண்டர் இரண்டு தரப்பையும் கோயில் முன்னால் கூட்டியிருந்தார். பெரியண்ணன் நேரே என்னிடம் வந்தார்.

"படக்காரரே, பேச்சு வேண்டாமுங்க. அன்னிக்கு அந்தப் பட்டை செவப்புத்தான்னு சாமி முன்னால கையடிச்சுச் சொல்லுங்க. நான் பொண்ணைக் குடுத்துட்டுப் போறேன்."

கற்பூரம்கூடத் தயாராக இருந்தது. பாவாயி என்னையே பார்த்தாள். சிவப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கும் அது சிவப்பு என்றுதான் மனசு சொல்லியது. ஆனால் மனசு சொல்வது கண் பார்த்தது ஆகாதே. பொய்ச் சத்தியம் பிள்ளைகள் தலையில் விழும், எனக்கும் மூன்று பிள்ளைகள்.

"நான் பட்டையைக் கவனிக்கலீங்க. சத்தியம் பண்ணமாட்டேன்" என்றேன்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. பாவாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எம் பையன் உசுரோட இருக்கான்னுதான் நான் செவப்பு வெக்கறேன். இவிய படத்துல கொன்னுபோட்டு, இப்பக் கவனிக்கலைங்கறாங்க" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

"எங்க பிளேட்டுக்குச் செவப்பு தெரியாதுங்க. அதை மட்டும் கண்ணு முன்னால காட்டறேன்" என்று ஊர்க்கவுண்டரிடம் கேட்டுக்கொண்டேன்.

ஒரு முறத்தைக் கொண்டுவரச் சொன்னேன். பெரியண்ணனே தன் கையால் அதில் காவியால் ஒரு கோடும் கரியால் ஒரு கோடும் போட்டார். வெயில் இருக்கும்போதே படம் பிடித்தேன். தானியம் போட்டு வைக்கும் ஜன்னலில்லாத அறையில், கதவிடுக்கெல்லாம் கம்பளி அடைத்து, சிவப்பு விளக்கை ஏற்றினேன். பெரியண்ணனும் கூட வந்தார். கதவைச் சாத்தியதும், "ஏன் செவப்பு வெளக்கு? வெள்ளை வெளக்குல செஞ்சா நீங்க பண்றது எங்களுக்குத் தெரிஞ்சிரும்னா?" என்றார்.

"இந்தக் கண்ணாடிக்குச் செவப்பு தெரியாதுங்க. அதனால இந்த வெளிச்சத்தை அது இருட்டுன்னு நெனச்சுக்கும்."

"கண்ணாடி நெனைக்குமா?" என்றார். ஆனால் மருந்தில் முறம் மெல்ல எழுந்து வருவதைப் பார்த்ததும் மருந்துத் தட்டின்மேல் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை மூடுபனி விலகக் காத்திருந்தோம். வெயில் வந்ததும், காய்ந்த பிளேட்டைக் காகிதத்தோடு சட்டத்தில் வைத்து எல்லோரும் பார்க்க ஒரு பாறைமேல் வைத்தேன். செம்பழுப்பாகப் படம் கிளம்பியது.

"இப்ப எல்லாமே செவப்பா வருதேங்க" என்றார் ஒரு கிழவர். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சட்டத்தைத் திறந்து காட்டினேன். முறத்தில் இரண்டு கோடுகள். இரண்டும் ஒரே கருமை. காவி எது, கரி எது என்று போட்ட பெரியண்ணனுக்கே தெரியவில்லை.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், "சரிங்க. செவப்பும் கறுப்பா விழுது, ஒத்துக்கறேன். கறுப்பும் கறுப்பாத்தான விழுது? அப்ப அன்னிக்கு இருந்தது ரெண்டுல எது?" என்றார்.

நான் மலையேறும்போதே பயந்த கேள்வி அது. ஊர்க்கவுண்டரும் தலையை ஆட்டினார். பாவாயியின் இளைய மகன் எழுந்து காட்டுப்பக்கம் போய்விட்டான்.

பெரியண்ணன் விடவில்லை. "அந்தப் பழைய கண்ணாடி வெச்சிருக்கீங்களாமே, அதையும் இதே வெய்யில்ல வைங்க. பெட்டியில இருந்தது நீங்க திருத்துனதான்னு யாரு கண்டா?"

துணியைப் பிரித்து பிளேட்டை எடுத்தேன். அவர் குனிந்து பார்த்தார். முதலாளி ஒட்டிய காகிதம் இடது ஓரத்தில் அப்படியே இருந்தது.

"இந்தக் கறுப்புக் காயிதம் என்னத்துக்கு? இதுக்குள்ள என்ன மறைச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. ஓரம் அசைஞ்சுபோச்சு, அதான்."

"ஒண்ணுமில்லைன்னா எடுங்க."

எடுக்க எனக்குத் தயக்கம். முதலாளி ஒட்டியதை நான் எடுத்ததில்லை. நான் தயங்கியதைப் பார்த்ததும் அவர் சந்தேகம் இன்னும் பெருத்துவிட்டது. "பாத்தீங்களா கவுண்டரே, எடுக்க மாட்டீங்கறாரு" என்றார். ஈரத்துணியால் ஓரத்தை நனைத்து, நகத்தால் மெல்ல உரித்தேன். துடைத்துக் காயவிட்டுச் சட்டத்தில் வைத்தேன்.

முதலில் நிலையும் கதவும் வந்தன. பட்டை வந்தது, கறுப்பு. கப்பல் வந்தது, சக்கரங்கள் வந்தன. பிறகு இடது ஓரத்தில் இரண்டு பெண்கள், முகம் இல்லாமல் புகையாக எழுந்தார்கள். அவர்களுக்கு நடுவே அசையாமல் ஒன்று நின்றது. விரிசலுக்கு இரும்புப் பூண் போட்ட மர உரல்.

பெரியண்ணன் எழுந்து தெருவில் நடந்து பாவாயி வாசலுக்குப் போனார். அங்கே இருந்த உரலின் பூணைத் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே வெறும் காகிதம்தான்.

"உரல் நிக்குது" என்றார். பிறகு ஊர்க்கவுண்டரைப் பார்த்து, "கரி வெச்ச ஊட்டுல உரல் நிக்காதுங்களே" என்றார்.

"நிக்காது" என்றார் ஊர்க்கவுண்டர். "இதுல இடிக்கவும் இடிக்கறாங்க."

அப்படியும் பெரியண்ணன் முழுசாக விட்டுவிடவில்லை. "ஆனா மூத்தவன் கடுதாசி ரெண்டு வருசமா வரலையே" என்றார்.

"வந்தா மொதல்ல உங்ககிட்டத்தான் படிக்கக் குடுப்பேன், சம்பந்தி. அப்பத்தான் நான் எழுதுனதில்லைன்னு நம்புவீங்க" என்றாள் பாவாயி. சம்பந்தி என்று அவள் கூப்பிட்டதை அவர் மறுக்கவில்லை. அவள் நீட்டிய தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டார். எடுத்ததும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார்.

படத்தை ஹைப்போவில் போட்டு, அலசி, முனையை நாக்கில் வைத்துப் பார்த்து, காயவைத்தேன். இந்தத் தடவை யாருக்கும் கொடுப்பதற்கு முன்னால் பாவாயியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "மயிலு வெளுத்துப்போச்சுங்க சாமி. கப்பல் பரவால்ல, நல்லா ஓடுது" என்றாள். அப்புறம் காவிக் கிண்ணத்தில் ஒரு விரலைத் தொட்டு, படத்தில் நிலைக்கு மேலே இருந்த கறுப்புப் பட்டையின்மேல் இழுத்தாள். அந்தப் படம் பெண் வீட்டுக்குப் போயிற்று.

நாமக்கல் திரும்பி, காகிதத்தை உரித்துவிட்டேன் என்று முதலாளியிடம் பயந்துகொண்டே சொன்னேன். பிளேட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, அந்த ஓரத்தை வெகுநேரம் பார்த்தார். அன்றைக்கே ஓரத்தோடு முழுசாக ஒரு பிரிண்ட் போட்டு, கண்ணாடிப் பெட்டியில் பழையதை எடுத்துவிட்டு அதை வைத்தார். வருகிறவர்கள், "ஏனுங்க, இது அசைஞ்சிருக்குதே" என்று காட்டுவார்கள். "அசையட்டும்" என்பார்.

அன்றிலிருந்து நான் எடுத்த ஒவ்வொரு பிளேட்டின் உறையிலும், எது என்ன நிறம் என்று எழுதிவைத்தேன். புது பிலிம் சிவப்பைப் பார்க்குமாம், நல்லது. ஆனாலும் நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் வந்தவர்களிடம் சொன்னேன்.

அதன்பிறகு அந்த மலைக்கு நாலைந்து தடவை போயிருக்கிறேன். பாதை கடைசியாகத் திரும்புகிற இடத்தில் நின்றால் பாவாயி வீடு தெரியும். ஒவ்வொரு தடவையும் அங்கே நின்று, சுமையை இறக்காமல், முதலில் நிலைக்கு மேலே பார்ப்பேன். கடைசியாகப் போனது யுத்த காலத்தில். மூத்தவன் வந்தானா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. பட்டை சிவப்பாக இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஈரம் காயாத புதுக் காவி. கப்பலுக்கு மட்டும் இப்போது ஆறு சக்கரம்.